பதினெட்டு வெள்ளைக் கோடுகள்

தன்னுடைய ஜீப்புக்கு அடியில் தகடு பூட்ட வேண்டும், உதவிக்கு வா என்று மகள் கேட்டபோது எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. மில்லிக்கன் பக்கத்தில் வாகன உதிரிப்பாகம் செய்கிற தொழிற்சாலையில் பதினேழு வருடமாக போல்ட் இறுக்குகிறவள் நான். அம்மாவிடம் சோறு கறியைத் தவிரக் கேட்க ஒன்றுமில்லை என்று இருபத்தாறு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தவள், முதன்முதலாக என் கையைத் தேடி வந்தாள்.

அவளுக்கு ஒரு விசர் இருக்கிறது. நல்ல தார் ரோட்டை விட்டுவிட்டு, வடக்கே காட்டுக்குள் கல்லும் சேறுமாகக் கிடக்கிற பாதையில் போய் ஜீப் ஓட்டுவாள். அதற்கு அவளும் இரண்டு சிநேகிதிகளும் ஒரு கூட்டு. போன மாதம் ஒரு பாறை அடியில் இடித்து, எஞ்சினின் எண்ணெய்த் தட்டு நசுங்கி, இழுவை லொறியில் வந்து இறங்கினாள். நான் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். அவள் போய் நாலு இரும்புத் தகடுகளுக்கு ஓடர் கொடுத்தாள். இனிப் பாறை இடித்தால் தகட்டில் இடிக்கும், உள்ளே இருப்பது தப்பும். நியாயமான காரியம்தான்.

திங்கள் வரை விடுமுறை வந்த வெள்ளிக்கிழமை காலை, ரூஜ் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் வேலையைத் தொடங்கினோம். ஜீப் நல்ல உயரம். நிலத்தில் அட்டையை விரித்து மல்லாக்கப் படுத்தால் அடியில் புகுந்துவிடலாம். அவள் தகட்டைத் தாங்கிப் பிடித்தாள், நான் இறுக்கினேன். அளவான இறுக்கம் வந்ததும் ‘டிக்’ என்று சொல்கிற ஸ்பானர் என்னுடையது. டிக் கேட்டவுடன், போல்ட்டின் தலையிலிருந்து தகடு வரைக்கும் வெள்ளை மையால் ஒரு கோடு இழுப்பேன். பிறகு அந்த போல்ட் ஒரு நூல் அளவு திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இது எங்கள் தொழிற்சாலைச் சட்டம். இறுக்கினவள்தான் கோடு போட வேண்டும். கோடு விழுந்த போல்ட்டைத் தொட்டால், தொட்டவள் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாமல் தொட்ட ஒருத்தியோடு நான் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவ்வளவு பெரிய நீதிமான் நான்.

“கோடு நேரா இருந்தா எல்லாம் சரி. உடைஞ்சிருந்தா ஜீப்பை ஓடாத. விளங்குதோ?”

“ஓம் அம்மா. கோட்டைப் பார்த்தாப் போதும்.”

பதினெட்டு போல்ட், பதினெட்டு கோடு. மத்தியானத்துக்குள் முடித்துவிட்டோம். காட்டில் சமைக்கச் சாமான் வாங்க அவள் கடைக்குப் போனாள், சிநேகிதி ஒருத்தி வந்து ஏற்றிக்கொண்டு போனாள். வீட்டில் நானும் இவரும் மட்டும். இவர் உள்ளே செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி நான் பார்த்த வேலையைச் சொல்கிறேன். ஜீப் வாங்கிய அன்று நாலு ரயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க மகள் என்னை விட்டாள், முன்னுக்குச் சந்தனம் பூசவும் விட்டாள். கண்ணூறு படாமல் முன்கண்ணாடியில் நான் கட்டிய முடிச்சை மட்டும் அடுத்த நாளே கழற்றித் தந்துவிட்டாள். “ரோட் தெரியேல்லை அம்மா. இனி ஒண்டும் கட்டாதேங்கோ, ப்ளீஸ்.” அந்த முடிச்சு என் மேசை லாச்சியில் கிடந்தது. சிவப்புத் துணிக்குள் கோயில் விபூதி, காய்ந்த பூ, வேப்பிலை, இரண்டு செத்தல் மிளகாய். நாவூறு நன்றாகக் கழியட்டும் என்று நானாகச் சேர்த்த இரண்டு கட்டி கற்பூரமும் இருந்தது.

அவள் நாளைக்குப் போகப்போகிறாள் என்றதும் அந்த முடிச்சை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். இரும்பு பாறையைத் தடுக்கும், மற்றதை எது தடுக்கும்? திரும்பவும் அட்டையில் படுத்தேன். மூன்றாவது தகட்டில் இரண்டு போல்ட்டைக் கழற்றி, மற்ற இரண்டையும் தளர்த்தியதும் தகடு ஒரு பக்கம் தொங்கியது. இடுக்குக்குள் கையை விட்டு, சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் இருந்த கம்பியில் முடிச்சைக் கட்டினேன். ஒருத்தர் கண்ணிலும் படாத இடம். குழாய் அப்போது குளிர்ந்து கிடந்தது. நாலு போல்ட்டையும் டிக் வரும்வரை இறுக்கினேன், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. நாலு கோடுகளும் உடைந்திருந்தன. பழைய மையைத் துடைத்துவிட்டு, புதிதாக நாலு கோடு இழுத்தேன். முதல் போட்டதைவிட அவை நேராக இருந்தன.

சனிக்கிழமை விடிந்ததும் அவள் புறப்பட்டுப் போனாள். நான் தேத்தண்ணி குடித்துவிட்டு, தகடு வந்த பெட்டிகளை மறுசுழற்சிக் குப்பைக்கான நீலத் தொட்டியில் போட மடித்தேன். ஒரு பெட்டிக்குள்ளிருந்து பூட்டும் முறை எழுதிய தாள் விழுந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு படம்: கீழே தகடு, மேலே சைலன்சர் குழாய், நடுவில் ஒரு இலை, அதன்மேல் நெருப்பு. காய்ந்த இலை, புல், துணி எதுவும் இடையில் தங்கவிடக்கூடாது, தீப்பிடிக்கும் என்று எழுதியிருந்தது. கற்பூரம் என்று எழுதவில்லை. அதை எழுத வேண்டும் என்று எவனுக்குத் தோன்றும்?

தாளைக் கையில் வைத்தபடியே போனை எடுத்து அவளை அழைத்தேன். எடுக்கவில்லை. திரும்ப அழைத்தேன். மூன்றாவது தரமும் அவளுடைய குரல் பதிவுதான் பேசியது. இவர் எழும்பி வந்தார். “என்னப்பா, ஏன் முகம் இப்பிடி இருக்கு? என்ன செய்தனீர்?” தாளை அவர் கையில் கொடுத்து, சொன்னேன். அவர் அந்தப் படத்தையே பார்த்தபடி கதிரையில் அமர்ந்துவிட்டார். ஏசியிருந்தால் எனக்குச் சண்டை பிடிக்கவாவது ஒருவர் இருந்திருப்பார்.

ஐந்தாவது அழைப்பில் எடுத்தாள். நானூறாம் நெடுஞ்சாலையில் வடக்கே ஓட்டிக்கொண்டிருந்தாள், ஜீப்பின் ஸ்பீக்கரில் பேசினாள்.

“என்னம்மா, இத்தனை மிஸ்ட் கோல்?”

“பிள்ளை, ஒருக்கா ஓரமா நிப்பாட்டி அந்த மூண்டாவது தகட்டைக் கழட்டிப் பார்.”

“ஏன்? பெற்றோல் அடிக்கேக்க கீழ படுத்துப் பார்த்தனான். உங்கட கோடு எல்லாம் பெர்ஃபெக்ட்.”

“எனக்கு மனம் சரியில்லை.” அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. பாவி.

அவள் சிரித்தாள். “ரிலாக்ஸ் அம்மா. காருக்குள்ள கோயில் மணம் வருது, நைஸா இருக்கு. உங்கட சால்வை ஏதும் பின்னுக்குக் கிடக்கோ?”

ஐயோ என்று கத்திவிட்டேன். “அந்தக் கோடு பொய் பிள்ளை! நான் கழட்டிப் பூட்டினனான். முடிச்சை உள்ளுக்குக் கட்டினனான், அதுக்குள்ள கற்பூரம் கிடக்கு. நிப்பாட்டு! எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு இறங்கு!”

சிக்னல் விளக்கு டிக் டிக் என்று அடிக்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. பிறகு தூரத்திலிருந்து அவள் குரல்: “புகை வருது.” இவர் போனைப் பறித்து, “கிட்டப் போகாத, தூர நில், 911-க்கு அடி” என்று கத்தினார். தொடர்பு அறுந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முக்கால் மணித்தியாலம். சாமி அறைக்குப் போக எனக்கு முகம் இருக்கவில்லை. என் பிள்ளையை நானே கற்பூரம் வைத்துக் கொளுத்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அழைத்தாள். ஜீப்பில் வைத்திருந்த தீயணைப்புச் சிலிண்டரை இடுக்குக்குள் அடித்துப் புகையை அடக்கி, ஆறவிட்டு, தகட்டைத் தளர்த்தி முடிச்சை வெளியே எடுத்திருக்கிறாள். துணியில் பாதி கரி. பக்கத்து வயர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு வந்த தீயணைப்புக்காரரும் பார்த்து, ஓடலாம் என்று சொல்லிவிட்டார்களாம். எல்லாவற்றையும் அமைதியாகச் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால் நானும் திருப்பிப் போட்டிருப்பேன்.

“வீட்ட வா பிள்ளை.”

“இல்லை, போறன். ஃப்ரெண்ட்ஸ் அங்க எனக்காகப் பார்த்துக்கொண்டு நிக்கினம்.” போனை வைக்க முன், “அம்மா, நான் கோட்டைத்தானே பார்த்தனான்” என்றாள்.

திங்கட்கிழமை பின்னேரம் சேறும் சிரிப்புமாக வந்து இறங்கினாள். கருகிய முடிச்சை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் தந்தாள். “இந்தாங்கோ” என்றாள். நான் வைத்த புட்டையும் மீன்குழம்பையும் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள். கோபமில்லை என்று நினைத்து எனக்கு உயிர் வந்தது.

அவள் குளிக்கப் போனதும் அட்டையை விரித்து ஜீப்புக்கு அடியில் புகுந்தேன். மூன்றாவது தகட்டின் நாலு போல்ட்டிலும் என் கோடு இல்லை. சுரண்டி எடுத்துவிட்டு, நகப்பூச்சால் சிவப்பாகக் கோடு போட்டிருந்தாள். அது நியாயம், அவள் இறுக்கியது, அவள் கோடு. பிறகு முதலாவது தகட்டைப் பார்த்தேன். நான் திரும்பக் கழற்றாத தகடு, வெள்ளிக்கிழமை போட்ட என் வெள்ளைக் கோடுகள் உடையாமல் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. இரண்டாவதிலும் அப்படித்தான். நாலாவதிலும் அப்படித்தான். பதினெட்டையும் அவள் திரும்ப இறுக்கிப் பார்த்திருக்கிறாள்.

உள்ளே குளியலறைத் தண்ணீர் நின்றது. “அம்மா, எங்க நிக்கிறியள்?” என்று கூப்பிட்டாள். நான் அட்டையில் கிடந்தபடியே சிவப்புக் கோடுகளைத் திரும்ப எண்ணினேன்.