பைகள் நின்ற வரிசை

‘ஜூன் முதல் தேதியிலிருந்து, தடுப்பூசிச் சான்று இல்லாத வேலையாட்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. ஒத்துழைப்புக்கு நன்றி.’

கொடைக்கானலில் எங்கள் தெரு முடியும் இடத்தில் இருக்கும் காட்டேஜ் காலனியின் இரும்புக் கேட்டில் இந்த அறிவிப்பை ஒட்டினார்கள். 2021 மே மாதம், மூன்றாவது வாரம். மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். படம் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த வாரம் அந்தக் கேட்டுக்கு வெளியே மழையிலிருந்து பாதுகாக்கப்பட்டது அந்தக் காகிதம் ஒன்றுதான்.

காலனியில் வீடு வைத்திருப்பவர்கள் சென்னை, மதுரை, கோவைக்காரர்கள். கீழே ஆஸ்பத்திரிகள் நிரம்பத் தொடங்கியதும் இ-பாஸ் வாங்கிக்கொண்டு மலையேறி வந்தார்கள். நோயை இவர்கள்தான் கொண்டுவந்தார்கள் என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை, எழுதவில்லை. வருஷத்தில் பாதி நாள் பூட்டிக்கிடக்கும் வீடுகளின் புகைபோக்கிகளில் அந்தச் சித்திரையில் புகை வந்தது. இதைப் பார்த்தேன். வந்தவர்களிடம் யாரும் சான்று கேட்கவில்லை. அவர்களுக்குச் சமைக்கவும் துடைக்கவும் போனவர்களிடம் கேட்டார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருவர், காலனிச் செயலாளர் வீட்டில் சமையல் செய்த பெண். ஐம்பதை ஒட்டிய வயது. சிறுமியாக இருக்கும்போது சிலோனிலிருந்து திரும்பிவந்த தோட்டக் குடும்பம். பேத்துப்பாறையில், டவுன்காரர்கள் சிலோன் காலனி என்று சொல்லும் பகுதியில் வீடு. காபித் தோட்டத்தில் நிழல்மரக் கிளை கழிக்க ஏறி விழுந்ததிலிருந்து அவர் கணவர் நடப்பதில்லை. அந்தப் பெண்ணின் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது. எங்கள் வீட்டைத் தாண்டித்தான் வேலைக்குப் போவார். பட்டர் ஃப்ரூட் காலத்தில் என் மனைவிக்கு இரண்டு கொண்டுவந்து தருவார்.

மலைச்சனம் ஊசிக்குப் பயந்து ஓடுகிறது என்று அப்போது பேப்பரில் எழுதினார்கள். எழுதியவர்கள் எந்த மலைக்குப் போனார்கள் என்று தெரியவில்லை. அறிவிப்பைப் படித்துவிட்டு அந்தப் பெண் என் மனைவியிடம் சொன்னது இதுதான்:

“டீச்சர், தலைமன்னார்க் கப்பல்ல வாந்தியெடுத்துக்கிட்டே வந்த சனம் நாங்க. ஊசிக்கா பயப்படப் போறோம்? ஊசி எங்க கெடக்குன்னு சொல்லச் சொல்லுங்க. வெரசாப் போயி நிக்கிறேன்.”

அவருடைய ஊருக்கு முகாம் வரவில்லை. டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை முகாம் என்று அறிவித்தார்கள், காலையில் டோக்கன். ஊரடங்கு, பஸ் கிடையாது. காய்கறி வண்டிகளை மட்டும் விட்டார்கள். அவரும் அவருடைய ஊர்ப் பெண்கள் சிலரும் மலைவாழைத் தார் ஏற்றிவந்த வேனில், தார்களுக்கு நடுவே உட்கார்ந்து வெள்ளனே வந்து சேர்ந்தார்கள்.

இந்த இடத்தில் அவர்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ரேஷன் கடையில் அவர்கள் கால்கடுக்க நிற்பதில்லை. பையை வரிசையில் வைப்பார்கள். பைக்குள் அட்டை இருக்கும். அட்டை வைத்த பை, ஆள் நிற்பதற்குச் சமம். அதை நகர்த்துவது ஆளைப் பிடித்துத் தள்ளுவது மாதிரி. யாரும் செய்ய மாட்டார்கள். வைத்துவிட்டு விறகுக்கோ, வேறு சோலிக்கோ போய்விட்டு வந்து தன் இடத்தில் நிற்கலாம். அன்றைக்கும் அப்படித்தான் செய்தார்கள். ரேஷன் அட்டைக்குப் பதிலாக ஆதார் அட்டை. பள்ளிக்கூடக் கேட்டிலிருந்து பைகளை வரிசையாக வைத்துவிட்டு, மழை பிடித்துக்கொண்டதால் எதிரே மூடியிருந்த பேக்கரியின் தகரத்துக்குக் கீழே ஒண்டினார்கள்.

இரண்டாவது தவணைக்காக நான் போனபோது பைகள் நனைந்துகொண்டிருந்தன. முதலில் இருந்தது அந்தப் பெண்ணின் நீலக் கட்டம் போட்ட பை. கடைசிப் பைக்குப் பின்னால் நான் நின்றேன். கொஞ்ச நேரத்தில் கார்கள் வந்தன. காலனிச் செயலாளர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, இரண்டு மாஸ்க்கும் குடையுமாக நேராகக் கேட்டுக்குப் போய் நின்றார். அவருக்குப் பின்னால் மற்றவர்கள்.

“லைன் இங்க இருக்கு” என்றேன்.

“எங்க சார்? ஆளே இல்லையே.”

“ஆளுங்க எதிர்ல நிக்கிறாங்க. பைதான் அவங்க இடம்.”

“அப்ப பைக்கு ஊசி போட்டு அனுப்பச் சொல்லுங்க. கோவிஷீல்டா கோவாக்சினான்னு பைகிட்டயே கேட்டுக்கலாம்.”

நன்றாகச் சிரித்தார்கள். கம்பளித் தொப்பி போட்ட ஓர் அம்மாள், “இந்த சிலோன் காலனி ஆளுங்க கூட்டங்கூடியே பரப்பிடுவாங்க. தள்ளி நிக்கிறதே நல்லது” என்றார். அவருடைய தோள் முன்னால் நின்றவரின் முதுகில் உரசிக்கொண்டிருந்தது.

அப்போது குப்பை டிராக்டர் வந்தது. வரிசையிலிருந்து ஒரு குரல், “இதையெல்லாம் எடுத்துட்டுப் போப்பா, அசிங்கமா கெடக்கு” என்றது. மாஸ்க்குகளுக்குள்ளிருந்து வந்த குரல். யாருடையது என்று அடித்துச் சொல்ல முடியாது. தொழிலாளி முன்னாலிருந்து பைகளை அள்ளிப் போடத் தொடங்கினார். நான் கத்தினேன். தகரத்துக்குக் கீழிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள்.

“ஏலே, நில்லுலே! ஆதாரு கெடக்குலே அதுல!”

பின்வரிசைப் பைகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். முன்னால் இருந்தவை ஏறிவிட்டன. டிராக்டர் இரைச்சலோடு இறக்கத்தில் இறங்கியது. அந்தப் பெண் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வளைவு வரை ஓடினார். வெறுங்கையோடு திரும்பி வந்தபோது டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய பை இருந்த இடத்தில் அவருடைய முதலாளி நின்றார்.

“ஐயா, நாந்தாங்க. ஒங்க வீட்டு...”

“தெரியுதும்மா. மாஸ்க்க மேல ஏத்து. தள்ளி நில்லு.”

“என் பை இங்கதாங்க இருந்திச்சு. அட்டையும் போச்சு.”

“அடுத்த கேம்ப் வரும். போட்டுட்டு வா. அதுவரைக்கும் வேலைக்கு வர வேணாம்.” பிறகு ஏதோ தானம் செய்வதுபோல, “ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்றார்.

நர்ஸ் என்ன செய்வார். “டோக்கன் முடிஞ்சிருச்சும்மா. முடியாட்டியும் ஆதார் இல்லாம நான் எதுல ஏத்துறது?” என்றார். அந்தப் பெண் அழவில்லை. பேக்கரிப் படியில் உட்கார்ந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்து, “ரேசன் கடையில ஒரு திருடன்கூட அட்டை வெச்ச பையத் தொட்டதில்ல, சார்” என்றார்.

ஊசிக்கு ஆதார் கேட்டார்கள். புது ஆதார் எடுக்கும் மையம் ஊரடங்கில் பூட்டிக்கிடந்தது. ஜூன் பிறந்ததும் கேட் அவருக்குத் திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் பூம்பாறைப் பக்கம் பூண்டு தரம்பிரிக்கும் கொட்டகைக்குப் போனார். குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, பெண்கள் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து செய்யும் வேலை. அங்கே யாரும் சான்று கேட்கவில்லை. அங்கே யாரும் யாருக்காகவும் பயப்படவில்லை.

அந்த மாதக் கடைசியில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு மூச்சு முட்டியது. வாழைத்தார் வேன்காரரே அவரை ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டுக்கு இறங்கினார். “வளைவுக்கு வளைவு பேசிக்கிட்டுத்தான் வந்துச்சு, சார். அடிவாரம் வரும்போது பேச்சில்ல” என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அந்த வருஷக் கடைசியில் காலனி ஓர் ஆண்டு மலர் அச்சிட்டது. வழவழப்பான தாள். அதில் செயலாளர் எழுதியிருந்தார்: ‘நம் காலனியில் பணிபுரியும் அனைவரும் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள்.’ சந்தேகத்தோடு வீடு வீடாக விசாரித்தேன். உண்மைதான். போடாதவர் யாரும் அங்கே பணிபுரியவில்லை.

சரிபார்க்க முடியாத ஒன்று மிச்சமிருக்கிறது. ஆஸ்பத்திரியில் உடலைப் பரிசோதிக்கவில்லை. சான்றிதழில் இதயம் நின்றது என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர் கொரோனாவில்தான் இறந்தார் என்று பேத்துப்பாறையில் எல்லோரும் சொல்கிறார்கள்; நானும் நம்புகிறேன். ஆனால் இன்றுவரை அது உறுதிசெய்யப்படாத தகவல்.