யார் வந்தாலும் விடாதே

கழுத்தில் ஒரு விசில் தொங்கினால் மனிதன் எப்படி மாறிப்போவான் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். வார நாட்களில் நான் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அங்கே என் பேச்சை யாரும் கேட்பதில்லை. வீட்டில் அதைவிட மோசம். ஆனால் ஆடி மாதத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரைக்கும், எங்கள் ஊரான சிம்பாங் அம்பாட்டின் பெரிய சாலையில் நான் கை காட்டாமல் ஒரு மோட்டார் சைக்கிள்கூட நகராது. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பானாம். நான் பட்டப்பகலில் விசில் ஊதினேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் மாரியம்மன் முன்பு தோட்டத்துக்குள் இருந்தவள். தோட்டத்தை விற்று அங்கே வீடுகள் கட்டியபோது, அம்மனும் எங்களைப் போலவே டவுன் ஓரத்துக்குக் குடிவந்துவிட்டாள். பால்குடம் மட்டும் இன்றைக்கும் பழைய தோட்டத்து ஆற்றங்கரையிலிருந்துதான் புறப்படும். அங்கிருந்து கோயிலுக்கு வரப் பெரிய சாலையைத் தவிர வேறு வழியில்லை. அதற்காகப் போலீஸ் பெர்மிட் வாங்கிச் சாலையை நான்கு மணி நேரம் அடைப்போம். எந்தச் சந்தியில் யார் நிற்பது, வண்டிகளை எந்தப் பக்கம் திருப்பிவிடுவது என்பதெல்லாம் என் பொறுப்பு. கோயில் கமிட்டியில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது. அதை மந்திரி பதவிபோல் வைத்திருந்தேன்.

நான் சொல்ல வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்கே சந்திகளில் நிற்கப் போகிறவர்களைக் கோயில் வாசலில் கூட்டி வைத்துப் பேசினேன். அதற்கு முந்தின ஆண்டு ஒருவர் காரில் வந்து, மனைவிக்குப் பிரசவ வலி என்று கையெடுத்துக் கும்பிட்டார். பதறிப்போய் வழி விட்டோம். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால், மனிதர் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மனைவியோடு உட்கார்ந்து ஆட்டுக்கறி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்தம்மாவுக்கு வயிறே இல்லை. இதை நான் கொஞ்சம் நடித்தே காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் குரலை இறக்கிச் சொன்னேன்.

"யார் வந்தாலும் விடாதே. புள்ளைக்கு முடியலன்னு சொல்வாங்க, அழுவாங்க. அதெல்லாம் நம்புனா ஊர்வலம் நடக்காது. சுத்திப் போகச் சொல்லு."

நாங்கள் குடியிருக்கும் வீட்டுமனைப் பகுதியான தாமானின் வாசலில் இருக்கும் சந்தியில், லாரி ஓட்டுகிற தம்பி ஒருவனை நிறுத்தினேன். முப்பது வயது இருக்கும். செர்காம் பக்கத்திலிருந்து திருவிழாவுக்கு உதவி செய்ய வந்தவன், எங்கள் தாமானில் அவனுக்கு யாரையும் தெரியாது. தெரிந்தவன் என்றால் முகம் பார்த்து வழி விட்டுவிடுவான் அல்லவா? அதனால்தான் அவனை அங்கே போட்டேன். அவ்வளவு கெட்டிக்காரன் நான்.

சுற்றிப் போகும் வழியையும் நான்தான் வரைந்தேன். பெரிய சாலைக்கு வரும் வண்டிகள் எங்கள் தாமானின் பின்பக்கத்து ஒற்றைச் சாலையில் நுழைந்து, எங்கள் வீட்டு வரிசையைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்து ஓரமாக வெளியேற வேண்டும். தாளில் பார்க்க அழகாக இருந்தது. அந்தச் சாலையில் இரண்டு லாரிகள் எதிரெதிரே வந்தால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. கைக்குழந்தையிலிருந்தே அவளுக்கு இழுப்பு உண்டு. பிள்ளைக்கு மூச்சு சீராக வேண்டும் என்று மூன்று வருடம் பால்குடம் எடுப்பதாக என் மனைவி வேண்டிக்கொண்டிருந்தாள். அது மூன்றாவது வருடம். சாம்பிராணிப் புகையும் கூட்டமும் பிள்ளைக்கு ஆகாது என்பதால், பக்கத்து வீட்டு அக்காவிடம் அவளை விட்டுவிட்டுப் போனோம். அக்கா கிறிஸ்தவர், வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவர். அன்று சாயங்காலப் பூசைக்குத்தான் தேவாலயம் போகப் போவதாகவும் அதுவரை பிள்ளை தன்னிடமே இருக்கட்டும் என்றும் அவராகவே சொன்னார். மதியம் அபிஷேகத்துக்கு அழைத்துக்கொள்ளலாம் என்று, மனைவி பிள்ளைக்கு மஞ்சள் பாவாடை சட்டை போட்டுவிட்டாள். இழுப்பு வந்தால் அடிக்கிற பம்பைச் சின்னத் துணிப்பையில் போட்டுக் கழுத்தில் மாட்டினாள்.

பம்பில் மருந்து முடியப்போகிறது, புதிது வாங்கி வா என்று வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தாள். நான் சாலையில் வைக்கிற கோன்களை இரவல் வாங்க அலைந்துகொண்டிருந்தேன். ஞாயிறு முடியட்டும் என்றேன்.

இனிச் சொல்லப்போவதில் பாதியை நான் பார்க்கவில்லை. அக்கா பிறகு சொல்லித் தெரிந்துகொண்டது.

ஒன்பதரை மணிக்கெல்லாம் பின்சாலை அடைத்துக்கொண்டது. செம்பனைப் பழம் ஏற்றிய லாரி ஒன்று முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் நின்றது. அதன் பின்னால் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் வரிசையாகக் கார்கள். ஒன்றாவது இன்ஜினை அணைக்கவில்லை. எல்லாம் அக்கா வீட்டு வாசலிலேயே புகையைக் கக்கிக்கொண்டு நின்றன. அக்கா ஜன்னல்களை அடைத்து, கதவிடுக்கில் துணியைத் திணித்தார். அப்படியும் பிள்ளை இருமத் தொடங்கினாள். பத்து மணிக்கு அவள் தொண்டைக்குழி உள்வாங்கியது. பம்பை இரண்டு முறை அடித்ததில் மருந்து தீர்ந்தது. மூன்றாவது முறை வெறும் காற்றுதான் வந்தது.

எனக்குப் போன் அடித்திருக்கிறார், ஏழு முறை. போன் என் இடுப்பில்தான் இருந்தது. ஆனால் உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு இடி விழுந்தாலே கேட்காது. ஆம்புலன்ஸுக்கும் சொன்னார். அது எந்த வழியாக உள்ளே வருவது? முன்பக்கம் நான் அடைத்திருந்தேன், பின்பக்கம் லாரி அடைத்திருந்தது.

அக்கா பிள்ளையைக் காரில் ஏற்றி, வீட்டுப் பின்சந்து வழியாகத் தாமான் வாசலுக்கு வந்தார். பெரிய சாலையில், நான் நின்ற சந்திக்கு எதிரே இருக்கும் கடைவரிசையில் ஒரு கிளினிக் உண்டு. அங்கிருந்து அரைக் கிலோமீட்டர்கூட இராது. லாரிக்காரத் தம்பி கோன்களுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றான். பிள்ளைக்கு முடியவில்லை என்று அக்கா சொன்னார். அவன் காருக்குள் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் மனசு இளகிவிடும் என்று வேண்டுமென்றே பார்க்காமல் நின்றானாம். இது உங்களை இங்கே நிறுத்திய அண்ணனின் மகள்தான் என்றும் சொல்லியிருக்கிறார். காலையிலிருந்து வந்த எல்லாருமே யாரோ ஓர் அண்ணனுக்கு வேண்டியவர்கள்தான், அதையும் அவன் நம்பவில்லை. சுற்றிப் போகச் சொன்னான், அண்ணன் உத்தரவு என்றான்.

அக்கா வாதாடி நேரத்தைப் போக்கவில்லை. காரை அங்கேயே விட்டுவிட்டுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர்வலத்துக்குள் இறங்கினார். நடந்து போகிறவர்களைத் தடுக்க உத்தரவு இல்லை.

அவர் இருந்த கோலத்தை இங்கே சொல்ல வேண்டும். அன்று காலையில் தலைக்குக் குளித்திருந்தார்; ஈர முடி இடுப்புவரை விரிந்து கிடந்தது. பதற்றத்தில் செருப்புப் போடவில்லை. உடம்பில் மஞ்சள் பூப்போட்ட கப்தான் அங்கி. தோளில் மஞ்சள் பாவாடை கட்டிய பிள்ளை, தலை தொங்கிக் கிடக்கிறது. வாய்விட்டு அலறிக்கொண்டு ஓடுகிறார். பால்குடம் வருகிற சாலையில், உறுமி முழங்கும்போது, இப்படி ஒரு பெண் ஓடி வந்தால் எங்கள் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? சாமி வந்துவிட்டது என்று நினைத்தார்கள்.

வழி விட வேண்டியவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பால்குடம் எடுப்பவர்களின் பாதம் சுடாமலிருக்கச் சாலையில் மஞ்சள் நீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்கள், அக்காவின் காலில் வாளி வாளியாக ஊற்றினார்கள். யாரோ பிள்ளையின் நெற்றியிலிருந்து மூக்குவரை விபூதியை அள்ளிப் பூசினார்கள். இன்னொருவர் சாம்பிராணித் தட்டை முகத்துக்கு நேரே நீட்டினார். மூச்சு வரவில்லை, மூச்சு வரவில்லை என்று அக்கா கத்தியிருக்கிறார். சாமி ஏதோ குறி சொல்கிறது என்று ஒருவர் காதைக் கொடுத்துக் கேட்டாராம். மேளக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அருள் வந்தவரைக் கண்டுவிட்டால், அவரைச் சுற்றி வளையமாக நின்று இன்னும் வேகமாக அடிப்பார்கள். அப்படியே அடித்தார்கள். அக்கா இடப்பக்கம் நகர்ந்தால் வளையமும் இடப்பக்கம் நகர்ந்தது. அவர் அழுததையும் அருள் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வளையம் என் சந்திக்கு இருபதடி தூரத்தில் வந்தபோதுதான் நான் பார்த்தேன். விரித்த முடியும் மஞ்சள் துணியும் மட்டும் தெரிந்தன. எனக்கு ஒரே பூரிப்பு. இந்த வருடம் அம்மன் என் சந்தியில் வந்து ஆடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சாமி கடைப்பக்கம் போய்விடாமல், கூட்டத்தைத் தடுக்கச் சாலையோரம் பிடித்திருந்த கயிற்றை இறுக்கிப் பிடிக்கும்படி ஆட்களுக்கு விசில் அடித்தேன். கிளினிக் அந்தக் கயிற்றுக்குப் பின்னால் இருந்தது. பிறகு விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, இரண்டு கையும் கூப்பிக் கும்பிட்டேன். என் மகளுக்கு மூச்சு நல்லபடியாக வர வேண்டும் என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது, பிள்ளையின் கழுத்திலிருந்து ஒரு துணிப்பை தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. நீலக் கட்டம் போட்ட துணி. என் பழைய சட்டையை வெட்டி மனைவி தைத்தது.

அதற்குள் அக்கா என்னைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, இது உன் புள்ள. மூச்சு நிக்கப் போவுது. கயித்த எடு."

அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. உறுமிக்காரர் ஒருவரைப் பிடித்துத் தள்ளினேன் என்று மற்றவர்கள் சொன்னார்கள். பிள்ளையை வாங்கியபோது அவள் உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. கிளினிக் வாசலுக்கு இருபது எட்டு. அந்த இருபது எட்டில் அவள் ஒரே ஒரு தடவைதான் மூச்சை இழுத்தாள்.

உள்ளே முகமூடி மாட்டி, மருந்தை ஆவியாக விடுகிற கேஸ் வைத்தார்கள். முதல் சுற்றில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. டாக்டர் ஈரத் துணியால் பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே, மூச்சு முட்டுகிற பிள்ளைக்கு யார் இதைப் பூசியது என்று கேட்டார். வெளியே மேளம் மறுபடியும் தொடங்கிவிட்டது. கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் பிள்ளையின் மூச்சு எனக்குக் கேட்கவில்லை. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். கண்ணைச் சிமிட்டக்கூடப் பயமாக இருந்தது. ஊர்வலத்தை நிறுத்தச் சொல்ல நான் யார்? அதை நடத்துகிறவனே நான்தான். இரண்டாவது சுற்று முடியப் போகிற நேரத்தில்தான் அவள் உதட்டில் சிவப்பு வந்தது. அதைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்து சின்னப் பிள்ளைபோல் அழுதேன்.

அக்கா நாற்காலியில் மஞ்சள் நீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார். யாரோ திணித்த எலுமிச்சம்பழம் இன்னும் கையிலேயே இருந்தது. நான் அவர் காலில் விழப் போனேன். காலை இழுத்துக்கொண்டார்.

"போதும் தம்பி. இன்னிக்கு நெறைய பேரு விழுந்துட்டாங்க."

மனைவி அம்மனுக்குப் பாலை ஊற்றி முடித்த பிறகுதான் அவளுக்கு விஷயம் போய்ச் சேர்ந்தது. ஓடி வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு என் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

லாரிக்காரத் தம்பியும் வந்து கிளினிக் வாசலில் நின்றான். அவனைக் கண்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. இரண்டு அறை விடுவதற்காகத்தான் வெளியே போனேன். அவன் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. நீங்கதானே அண்ணே அப்படிச் சொன்னீங்க என்று மெல்லக் கேட்டான். குறையாகச் சொல்லவில்லை, புரியாமல் கேட்டான். கை தானாகக் கீழே இறங்கியது.

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது சாலை திறந்திருந்தது. உடைந்த தேங்காய் ஓடுகளைக் கூட்டி ஓரமாகக் குவித்திருந்தார்கள். பின்சீட்டில் அம்மா மடியில் படுத்திருந்த மகள் கேட்டாள்.

"அப்பா, நான் உங்கள பார்த்தேன். கூப்பிட்டேன், சத்தம் வரல. நீங்க ஏன் என்னைய கும்பிட்டுக்கிட்டே நின்னீங்க?"

காரை ஓட்டிக்கொண்டே இருந்தேன். அன்றிலிருந்து என் மகளுக்கு மேளச் சத்தம் ஆகாது. சாலை போடுகிற இடத்தில் வெறும் கோன்களைப் பார்த்தால்கூட, அவள் கை கழுத்துப் பையைத் தேடும். கார் நிற்காமல் தாண்டிப் போன பிறகுதான் கையை எடுப்பாள். இப்போது அவளுக்கு ஒன்பது வயது, இன்னும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அடுத்த வருடம் அந்தப் பொறுப்பு வேண்டாம் என்றேன். கமிட்டியில் விடவில்லை. சாலையில் ஒரு தடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும், தாமான் வாசலில் ஓர் ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும், பின்சாலையில் கனரக வண்டிகளை விடக் கூடாது என்றெல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டு ஒத்துக்கொண்டேன். திருவிழா அன்று காலை ஏழு மணிக்கு அதே கோயில் வாசலில் எல்லாரும் கூடினார்கள். லாரிக்காரத் தம்பியும் வந்திருந்தான். போன வருடத்துச் சிரிப்புக் கதையை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"புள்ளைக்கு முடியலன்னு யார் வந்து சொன்னாலும் கோனை எடுத்துரு. கேள்வி கேக்காத."

புதிதாக வந்திருந்த ஒருவர், அவர்கள் சொல்வது பொய்யாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் லாரிக்காரத் தம்பி சொன்னான்.

"பொய்யா இருந்தா சந்தோஷம்லா."