இரண்டு பேருக்குப் போடாத ஸ்பிரிங் பட்டை

ஐப்பசி, இரண்டாம் வாரம். மனைவி மதுரையில், மருத்துவமனையில் காலமானார்.

கார்த்திகை, மார்கழி. கார் கொட்டகையை விட்டு வெளியே எடுக்கப்படவில்லை.

தை, பொங்கல் கழிந்த வாரம். சாவி திருகப்பட்டது. இஞ்சின் கிளம்பவில்லை. பேட்டரி செத்திருந்தது. முன் டயர்களில் காற்று இல்லை. பின் இருக்கைப் பஞ்சுக்குள் எலி குட்டி போட்டிருந்தது.

அன்று மாலை. கோயம்புத்தூரிலிருந்து மகள் பேசினாள். காரை வாங்க ஆள் பார்த்திருப்பதாகத் தெரிவித்தாள்.

கார், டீசலில் ஓடும் பழைய வெள்ளைக் கார். கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில், பழையதாகவே வாங்கியது. வீட்டுக்குள் நானும் மனைவியும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறிப் போடிமெட்டுக்குப் போய்த் தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவோம். ஏறும்போது மனைவி பேசுவார்; இறங்கும்போது நான் பேசுவேன். ஒரு வாரத்துக்கான பேச்சு அதற்குள் முடிந்துவிடும். காரை விற்க எனக்கு மனமில்லாததை மகளிடம் இவ்வாறு விளக்கவில்லை. பழுது பார்க்கப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

“எதுக்குப்பா? பாதி மலையில நின்னுட்டா தனியா என்ன செய்வீங்க?”

கேட்டது நியாயமே. ஆகவே எங்களுக்குள் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மாசியில் அவள் வரும்போது இருவருமாக மெட்டுக்குப் போவது. கார் ஏறினால் என்னோடு இருக்கும். ஏறாவிட்டால் மறுநாளே வாங்குபவர் வீட்டுக்குப் போய்விடும்.

மருத்துவச் செலவுக்குப் பின் கையில் ஓய்வூதியம் மட்டுமே இருந்தது. போடியில் கார் பழுது பார்ப்பவர்கள் உண்டு. அவர்கள் சொன்ன தொகைகளைக் கேட்ட பிறகு, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஜீப்புகளை மட்டுமே பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றும் ஜீப்புகள் பெரும்பாலும் அவர் கைபட்டவை. என்னைவிடப் பத்து வயது இளையவர். குரல் மட்டும் ஜீப்புக்கு உரியது.

“காருக்கும் நாலு சக்கரந்தான சார்? கொண்டாங்க, பாத்துருவோம்” என்றார்.

அந்த ஒரு மாதத்தை மகிழ்ச்சியான மாதம் என்றுதான் சொல்ல வேண்டும். பேட்டரி ஒன்றைத்தான் புதிதாக வாங்கினோம். ரேடியேட்டரை நானே கழற்றி, உப்புப் படிந்த குழாய்களைக் கழுவினேன். சக்கரங்களுக்கு வெள்ளிப் பூச்சு நானே அடித்தேன். பாதி பூச்சு செருப்பில் விழுந்தது. இருக்கை உறைகளை ஜீப்புப் படுதா தைக்கும் தையல்காரர், மிஞ்சிய பச்சைப் படுதாவில் தைத்துக் கொடுத்தார். ஆரன் வேலை செய்யாததால் ஜீப்பின் ஆரன் ஒன்று பொருத்தப்பட்டது. அதை முதன்முறை அழுத்தியபோது எதிரே வந்த உண்மையான ஜீப்பு ஒன்று ஒதுங்கி வழிவிட்டது. மெக்கானிக் கைதட்டினார்.

“இனிமே இது காரு இல்ல சார். ஜீப்புக்குப் பொண்ணு குடுத்த சம்பந்தி.”

அன்று மாலை இரு கைகளிலும் கிரீஸ் இருந்ததால் வீட்டுப் பூட்டு வழுக்கிக்கொண்டே போனது. திறக்க முடியாமல் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் சன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மூடிக்கொண்டார்.

கடைசி வேலை பின் ஸ்பிரிங். பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங் அது. பல ஆண்டுகளில் தொய்ந்திருந்தது. கழித்துப்போட்ட ஜீப்பு ஸ்பிரிங்கிலிருந்து பட்டைகளை எடுத்து, அளவுக்கு வெட்டி, இருபுறமும் கூடுதலாக வைத்துக் கட்டினார் மெக்கானிக். காரின் பின்புறம் ஒரு சாண் உயர்ந்து நின்றது. எனக்கு அது கம்பீரமாகவே தோன்றியது.

மாசியில் மகள் வந்தாள். காரைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“என்னப்பா, குனிஞ்சு கும்புடுற மாதிரி நிக்கிது?”

காலையில் புறப்பட்டோம். தோட்டத்து ஜீப்புகளின் நெருக்கடி அப்போது குறைந்திருந்தது. அடிவாரத்தில் முந்தல் வரை கார் குறையின்றி ஓடியது. வளைவுகள் தொடங்கியதும் பின்புறம் குதிக்கத் தொடங்கியது. ஒவ்வொரு சிறு பள்ளத்திலும் பின் சக்கரங்கள் தரையை விட்டு எம்பி, மனமில்லாமல் இறங்கின. மழையில் அரித்துச் சரளை பரந்திருந்த ஒரு வளைவில் அவை பிடிப்பின்றிச் சுழன்றன. இஞ்சின் உறுமியது, கார் நகரவில்லை. மறுபடி முயன்றேன். சரளைதான் தெறித்தது.

மகள் வெளியே பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வென்றவளின் முகமாக அது இல்லை.

“போதும்ப்பா” என்றாள் மெதுவாக.

நான் மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். அவர் குரல் கார் முழுவதும் கேட்டது.

“பின்னால எத்தன பேரு இருக்காக?”

“யாருமில்லை. நானும் மகளும் மட்டும். முன்னால்.”

அந்தப் பக்கம் ஸ்பேனர் ஒன்று கீழே விழும் சத்தம் கேட்டது.

“ரெண்டு பேருக்கா சார் நான் பட்டை போட்டேன்? மெட்டுக்கு வண்டின்னீக. மெட்டுக்கு எவன் சார் ரெண்டு பேரா போறான்? ஆளேத்துங்க சார், ஆளேத்துங்க!”

அவர் ஆயுளில் காலி வண்டி ஒன்று மலையேறிப் பார்த்ததில்லை. பின்னால் எட்டுப் பேர் நெருங்கி உட்காருவார்கள் என்பதை என்னிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள அவருக்குத் தோன்றவே இல்லை. பின் சக்கரங்களின் மேல் பாரம் இருந்தால் அவை தரையைப் பிடிக்கும்; இது இயற்பியலும் ஒப்புக்கொள்வதுதான்.

“உடன்பாட்டில் எத்தனை பேர் என்று குறிப்பிடப்படவில்லை” என்றேன் மகளிடம்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். மனைவி இறந்தபின் அந்தச் சிரிப்பை நான் கேட்டிருக்கவில்லை.

“சரி, இறக்குங்க. ஆள் பிடிப்போம்.”

முந்தலில் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் நால்வர் தூக்குவாளிகளோடு நின்றிருந்தார்கள். அவர்களுடைய ஜீப்பு பஞ்சராகிக் கிடந்தது. மகள் இறங்கிப் போய் அழைத்தாள். அவர்கள் காரை மேலும் கீழும் பார்த்தார்கள்.

“காரா? நாங்க என்ன கல்யாணத்துக்கா போறோம்?” என்றார் மூத்தவர்.

“வேலைக்குத்தான், வாங்கக்கா. நீங்க ஏறுனாத்தான் இந்த வண்டி மலையேறுமாம்.”

“இதென்னடி கூத்து! எல்லாரும் எங்க கனத்துக்குப் பயந்து ஒதுங்குவாக. இந்த சார் கனத்தத் தேடி வந்திருக்காரு.”

நால்வரும் பின்னால் நெருங்கி உட்கார்ந்தார்கள். அவர்களுடைய ஜீப்பில் இருந்த அரிசி மூட்டையையும் உரப்பையையும் டிக்கியில் வைத்தோம். காரின் பின்புறம் இறங்கி, கும்பிடுவதை விட்டுவிட்டு நிமிர்ந்தது.

சரளை வளைவு வந்தபோது நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். பின்னாலிருந்து மூத்தவர், “ஏய், எல்லாரும் நல்லா அமுக்கி உக்காருங்கடி, சாரு பயப்படுறாரு” என்றார். சக்கரங்கள் ஒருமுறை வழுக்கின. பிறகு பிடித்தன. கார் வளைவைத் தாண்டியதும் நால்வரும் கூச்சலிட்டார்கள். மகள் ஆரனில் கைவைத்து அழுத்தினாள். அடுத்த வளைவுகளில் அவர்கள் பேச்சிலேயே கார் ஏறியது: ஒருத்தியின் மாமியார், கங்காணியின் புது மீசை, ஏலக்காய் விலை. பல மாதங்களாக அமைதியாகக் கிடந்த கார் அது.

மெட்டுக்குச் சற்று மேலே, “மதி சார், இங்கனயே நிறுத்துங்க” என்றார் மூத்தவர். மலைக்குப் போனால் அவர்கள் பேச்சில் மலையாளம் ஏறிவிடும்; ‘போதும்’ என்பது ‘மதி’ ஆகிவிடும். பணம் நீட்டினார்கள், நான் வாங்கவில்லை. “அப்ப நாளைக்கும் வருவீகளா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே ஏலச்செடிகளுக்குள் இறங்கினார்கள்.

திரும்பி வந்து, மெட்டில் தேநீர் குடித்தோம். குளிர் அதிகமாக இருந்தது. ஏறும்போதும் இறங்கும்போதும் இனி யார் பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மகள் தம்ளரை வைத்துவிட்டுச் சாலையோரம் போனாள். கையைக் குவித்து, நல்ல குரலில் கூவினாள்:

“போடி! போடி! போடி போறவங்க வாங்க!”

அரசு வங்கியில் அதிகாரியாக இருப்பவள். தேநீர்க் கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு முதியவரும் இரண்டு பெண்களும் பைகளோடு உண்மையிலேயே வந்துவிட்டார்கள்.

அவர்கள் ஏறிக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் ஒலித்தது. காரை வாங்க இருந்தவர்தான். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“இல்லண்ணே, குடுக்கிறதுக்கில்ல. வண்டி லைன்ல ஆளேத்தி ஓடிக்கிட்டிருக்கு.”

இறங்கும் வழி முழுவதும் அவளே பேசினாள். இடையிடையே நானும் பேசினேன்.

இனிச் செய்ய வேண்டியவை:

கூடுதல் பட்டைகளைக் கழற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். இன்னும் பதில் சொல்லவில்லை.

முன் இடது இருக்கை மனைவியின் உயரத்துக்கு ஏற்ப முன்னால் தள்ளியபடியே துருவேறி நின்றுவிட்டது. எண்ணெய் விட வேண்டும். அவசரமில்லை.

பின் கதவுக் கண்ணாடி ஒன்று பாதிக்கு மேல் ஏறுவதில்லை. மழைக்கு முன் பார்க்க வேண்டும்.