முப்பதுக்குப் பதினெட்டு

முப்பது பதினெட்டு என்றால் முப்பது அங்குலத்துக்குப் பதினெட்டு அங்குலம் என்று நம்பினேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, சித்திரையில் தொடங்கி ஆவணி வரை நம்பினேன். நம்பியதோடு விட்டேனா? பழைய செய்தித்தாளை அந்த அளவுக்கு வெட்டிச் சாப்பாட்டு மேசை மேல் விரித்து, மேசையை இரண்டு முறை சுற்றி வந்து, "கச்சிதம்" என்று எனக்கு நானே சான்றிதழும் கொடுத்துக்கொண்டேன்.

என் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. இந்த ஊரில் கட்டில் என்றால் ஆறுக்கு நாலு, மனை என்றால் அறுபதுக்கு நாற்பது, பிளைவுட் என்றால் எட்டுக்கு நாலு. அடியா மீட்டரா என்று யாரும் கேட்பதில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒரு மெஷினுக்கு 3018 என்று பெயர் வைத்தால் நான் என்ன நினைப்பேன்? முப்பது அடி என்றால் எங்கள் அபிராமபுரம் ஃபிளாட்டில் சுவரை இடித்துப் பக்கத்து வீட்டுக்குள் போக வேண்டும். ஆகவே அங்குலம்தான். தர்க்கம் அதோடு முடிந்தது.

என் தொழிலையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரி. பாலிசியின் பொடி எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்களுக்கு, "தாங்கள் பொடி எழுத்தைப் படித்திருக்க வேண்டும்" என்று மரியாதையாகக் கடிதம் எழுதுவதுதான் வேலை. இருபத்தாறு வருடமாக எழுதி வருகிறேன்.

விஷயம் இதுதான். ஐம்பத்தொரு வயதில் வீட்டிலேயே ஒரு பின்பால் மெஷின் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. கண்ணாடிக்கு அடியில் சாய்வாக ஒரு பலகை. அதில் ஸ்பிரிங் ஒன்று எஃகு உருண்டையை மேலே தள்ளும். அது அங்கே இங்கே முட்டி மோதிக் கீழே வரும். விழுவதற்குள் இரண்டு துடுப்புகளால் அடித்து மறுபடி மேலே அனுப்ப வேண்டும். இந்த வயதில் மற்றவர்கள் மாரத்தான் ஓடுகிறார்கள், சிலர் திடீரென்று மிருதங்கம் கற்கிறார்கள். எனக்கு இது வந்தது. அந்தப் பலகையில் ஐம்பது அறுபது துளைகள் துல்லியமாகப் போட வேண்டும். கையால் போட்டால் கோணலாகும், கம்ப்யூட்டர் சொன்னபடி வெட்டும் சி.என்.சி. ரவுட்டர் வேண்டும் என்று இணையத்தில் எல்லா ஞானிகளும் சொன்னார்கள்.

ரவுட்டர் வாங்கப் போகிறேன் என்று அறிவித்ததும் என் மனைவி மகிழ்ந்தே போனாள்.

"அப்பாடா. பின் ரூம்ல வைஃபையே வர்றதில்லை. நானே சொல்லணும்னு நெனச்சுண்டிருந்தேன்."

இது மரம் வெட்டுகிற ரவுட்டர் என்று விளக்கினேன். மகிழ்ச்சி போய்விட்டது. அந்தப் பின் அறை என்கிற பேச்சு மட்டும் தங்கிவிட்டது.

ஏனென்றால் அவளுக்கும் அந்த அறை மேல் ஒரு கண். வீட்டுக் கூடத்தில் அவள் பாட்டு வகுப்பு நடத்துகிறாள். நவராத்திரி வந்தால் கூடத்தைக் கொலு பிடித்துக்கொள்ளும். வகுப்புக்கு இடம் இருக்காது. பின் அறை பத்துக்கு ஒன்பது. அடியில்தான். ஒரு சனிக்கிழமை காலை, காபிக்கும் இட்லிக்கும் நடுவில், ஒப்பந்தம் போட்டாள்.

"நவராத்திரி மொத நாளுக்குள்ள உங்க மெஷின்ல ஆட்டம் ஆட முடிஞ்சா ரூம் உங்களுக்கு. இல்லேன்னா பாட்டுக்கு. அப்பறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கப்படாது."

"எழுதியே தரேன்."

"எழுத வேண்டாம். நீங்க எழுதறதெல்லாம் யாருக்கும் ஒண்ணும் கெடைக்காதுன்னுதான் இருக்கும்."

ஐந்து மாதம் கையில் இருந்தது. சாதாரண மனிதன் என்றால் முதல் வாரத்தில் மெஷினை வாங்கி மீதி நாளில் வேலையைப் பார்ப்பான். நான் தேர்வு செய்தேன். பாகங்களாக வந்து நாமே பூட்டிக்கொள்ள வேண்டிய கிட்டுகள் பதினொன்றை ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட்டேன். சட்டம் அலுமினியமா, பிளாஸ்டிக்கா? நகர்த்துவது பெல்ட்டா, திருகு தண்டா? ஆபத்துக்கு அழுத்தும் சிவப்புப் பொத்தான் உண்டா, இருந்தால் அது போதுமான சிவப்பா? அட்டவணையில் இருபத்திரண்டு கட்டங்கள். வெட்டும் பரப்பு எவ்வளவு என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை. அதுதான் பெயரிலேயே இருக்கிறதே!

பெரிய கிட்டும் இருந்தது. அதை வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. பத்துக்கு ஒன்பது அறைக்கு அது தேவையில்லாத ஆடம்பரம் என்று எழுதி அடித்தேன். என் பலகை நாற்பத்திரண்டுக்கு இருபது அங்குலம். 3018-இல் ஒரு பாதி வெட்டி, பலகையைத் தள்ளி வைத்து மறு பாதி வெட்டினால் ஆயிற்று. அகலத்தில் இரண்டு அங்குலம் குறைகிறதே என்று மனது லேசாகக் கேட்டது. ஓரத்தில் எப்படியும் சட்டம்தானே வரும் என்று அதன் வாயை அடைத்தேன். பிறகு ஆடித் தள்ளுபடி வரட்டும் என்று காத்திருந்தேன். புடவைக் கடைக்குச் செல்லுபடியாகும் சாஸ்திரம் சீனத்து மெஷினுக்கும் செல்லும் என்று ஒரு நம்பிக்கை. செல்லவில்லை.

ஆவணியில் ஒரு மத்தியானம் பெட்டி வந்தது. கூரியர்காரர் அதை ஒரு கையில் வைத்திருந்தார். மறு கையில் தன் போன்.

"மிச்சப் பெட்டி எப்ப வரும்?" என்று கேட்டேன்.

"ஒரே பெட்டிதான் சார். கையெழுத்து போடுங்கோ."

போட்டேன். எதையும் படிக்காமல்.

திறந்து பாகங்களைப் பூட்டினேன். சாயங்காலத்துக்குள் ஒரு மெஷின் எழுந்து நின்றது. மனைவி காபியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏன்னா, இடியாப்பம் பிழியறதா இது?"

"சாம்பிள்" என்றேன். வாய் தானாகச் சொன்னது. "பெரிசு பின்னாடி வரும்."

அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு கொட்டிவாக்கத்தில் இருக்கும் மைத்துனனுக்கு, அதாவது என் மனைவியின் தம்பிக்கு, போன் போட்டேன். இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன். குரலைத் தாழ்த்தி, முப்பது பதினெட்டில் ஏதோ தவறு நடந்திருக்கிறது, கம்பெனிக்காரன் சின்னதாக அனுப்பிவிட்டான் என்றேன்.

மாடல் நம்பரை இன்னொரு முறை சொல்லச் சொன்னான்.

"அத்திம்பேர், அது சென்டிமீட்டர். முப்பது சென்டிமீட்டருக்குப் பதினெட்டு. ஸ்கூல்ல ஸ்கேல் இருக்குமே, அந்த நீளம்."

"எங்கே போட்டிருக்கு?"

"எல்லா எடத்துலயும் போட்டிருக்கும். அடியில, பொடியா."

பிறகு அவன் சிரித்தான். சிரிக்கக் கூடாது என்று பார்த்தேன், முடியவில்லை என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி சிரித்தான். அக்காவிடம் சொல்லாதே என்று கெஞ்சினேன். சொல்ல மாட்டேன் என்றான். இரவுச் சாப்பாட்டுக்குள் சொல்லிவிட்டான்.

நவராத்திரிக்கு இருபத்திரண்டு நாள். பீதியில் எனக்கு எப்போதும் கணக்கு நன்றாக வரும். அறுபது நாளில் செய்ய வேண்டியதை இரண்டு நாளில் செய்ய முடியும் என்று நிரூபித்துவிடுவேன். பலகையைப் பன்னிரண்டு துண்டாக வெட்டி ஒட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். முதல் துண்டை மாட்டி மெஷினை ஓட்டினேன். கூடத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஓய்வுபெற்ற வங்கி மாமி ஒருவர், டீச்சரை விடப் பத்து வயது மூத்தவர், சரளி வரிசை பாடிக்கொண்டிருந்தார். அரை மணி கழித்துக் கதவு திறந்தது.

"அதை நிறுத்துங்கோ. மாமி என் சுருதிப் பெட்டிய விட்டுட்டு உங்க மெஷினோட சேர்ந்து பாடறா."

"நன்னா சேர்ந்துதா?"

"மெஷின் மரத்தத் தொட்டா அரைக் கட்டை எறங்கறது. அவளும் எறங்கறா. பாவம், தொண்டைதான் கெட்டுப்போச்சுன்னு அழாத குறை."

நிறுத்தினேன். துண்டில் பாதி கூட வெட்டியிருக்கவில்லை.

அந்த வாரம் கொலுப்படியில் ஒரு பலகை உடைந்திருக்கிறது என்று தச்சர் வந்தார். மந்தைவெளியில் இருப்பவர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். ஒரு காதில் போன் செருகியிருக்கும். நம்மோடு பேசுகிறாரா, அங்கே பேசுகிறாரா என்று தெரியாது. என் அறையை எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"இன்னா சார் இது, சாவி கொத்துல பேரு எழுதுற மிஷினா?"

மொத்தத்தையும் சொன்னேன். யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

"இத்த வெச்சிகினு மூணரை அடி பலகை வெட்டணும்னா அடுத்த கொலு வந்துரும். தி. நகர்ல பூஜ ரூம் கதவு வெட்ற கடை கீது. எட்டுக்கு நாலு மிஷின். படத்த பென் டிரைவ்ல போட்டுக் குடு, ஒரு மணி நேரத்துல வெட்டிக் குடுத்துருவாங்கோ."

"இது எப்போதிலிருந்து?"

"ரொம்ப வருசமா கீது சார். உங்க மாடி வீட்டுக் கதவே அங்கதான் வெட்னது. பாக்கலியா நீ?"

தினமும் பார்த்திருக்கிறேன். நடுவில் மயில், சுற்றிலும் மணி.

மறுநாள் தச்சர் நாலு நூல் பிளைவுட்டை, அதாவது அரை அங்குலக் கனம் உள்ளதை, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தி. நகர் கடையில் இறக்கினார். நான் பென் டிரைவைக் கொடுத்தேன். கடைக்குள் மெஷின் சத்தத்தில் பேச முடியாது, எல்லாம் சைகைதான். கடைக்காரர் நெற்றியில் பட்டையாக விபூதி பூசிய மனிதர். ஆங்கிலத்தில் எழுதினால் புரியாமல் போய்விடுமோ என்று நான் வரைபடத்தில் எல்லாவற்றையும் தமிழில் எழுதியிருந்தேன். அந்த முன்யோசனைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு. பின்பால் விளையாட்டில் அந்த எஃகு உருண்டையைப் பால் என்றுதான் சொல்வார்கள். ஆகவே மேலே "பால் வரும் வழி". நடுவில் "பால் படும் இடம்", மூன்று வட்டங்கள். கீழே "பால் விழும் துளை".

கடைக்காரர் படத்தைப் பயபக்தியோடு பார்த்தார். கையைக் குவித்து என் காதருகே கத்தினார்.

"எந்த சாமி சார்?"

எனக்குக் கேட்டது "எந்த சைடு, சார்?" என்று. படத்தில் மேல் பக்கத்தைக் காட்டினேன். ஓ, மேலே இருக்கிறவரா என்பது போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இவ்வளவு மரியாதையான கடையா என்று நானும் பதிலுக்குக் கும்பிட்டேன்.

சாயங்காலம் போனபோது பலகை தயார். ஒவ்வொரு துளையும் அச்சு வார்த்தது போல இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், பலகையின் குறுக்கே, துடுப்புகள் வர வேண்டிய இடத்துக்குச் சற்று மேலே, இடமிருந்து வலம் சரிவாக ஒரு வாய்க்கால் ஓடியது. கட்டைவிரல் அகலம். பலகையின் வலது ஓரம் வரை போய் அழகாக வெளியே வளைந்தது.

"இது என்ன?"

மெஷின் நின்றிருந்தது. அவர் குரலில் பெருமிதம்.

"கோமுகி சார். அபிஷேகப் பலகைன்னா கோமுகி இல்லாம எப்படி? நீங்க மறந்துட்டீங்க. அவ்ளோ பாலும் நேரா அந்தத் தொளைல விழுந்தா கீழ தரையெல்லாம் பிசுபிசுன்னு ஆயிடும்ல? நானே போட்டுட்டேன். இதுக்குத் தனியா காசு வேணாம், சாமி காரியம்."

இது அந்தப் பால் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். "ரொம்ப நன்றி" என்றேன்.

வேறு பலகை வாங்கி வெட்ட ஆசைதான். ஆனால் கடையில் நவராத்திரி வரைக்கும் பூஜை அறைக் கதவுகள் வரிசையில் நின்றன. எனக்கு மிஞ்சியிருந்ததோ ஒன்பது நாள். வாய்க்காலை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தேன். காய்ந்ததும் அது உள்வாங்கிப் பள்ளமாயிற்று. மறுபடி அடைத்தேன், மறுபடி உள்வாங்கியது. மூன்றாவது முறை அடைக்கவோ, ஓரத்தில் சட்டம் அடிக்கவோ நாள் இல்லை. ஸ்பிரிங்கையும் துடுப்புகளையும் பூட்டி, நவராத்திரி முதல் நாள் காலையில், மனைவியையும் மைத்துனனையும் அறைக்குள் கூப்பிட்டேன். கொலுவுக்கு உதவி என்று மைத்துனன் விடியற்காலையே வந்திருந்தான். அவன் எதற்கு வந்தான் என்று எனக்குத் தெரியும்.

ஸ்பிரிங்கை இழுத்து விட்டேன். உருண்டை மேலே போயிற்று. மூன்று வட்டங்களிலும் டக், டக், டக் என்று முட்டியது. மனைவி "அட!" என்றாள், நிஜமாகவே. உருண்டை கீழே வந்தது, வாய்க்காலில் இறங்கியது, சாவகாசமாக வலது பக்கம் உருண்டு போய், பலகையை விட்டு வெளியேறி, மைத்துனன் காலடியில் விழுந்தது. நான் இரண்டு துடுப்புகளையும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தேன். அவை எதையும் தொடவில்லை.

பதினேழு முறை விட்டுப் பார்த்தேன். பதினேழு முறையும் அதே வழி.

"ஆடினதா ஒத்துக்கலாமா?" என்று அக்காவைக் கேட்டான் மைத்துனன்.

"உருண்டுது. ஆடலை" என்றாள் அவள்.

அன்று சாயங்காலமே வகுப்பு பின் அறைக்கு மாறிவிட்டது. வங்கி மாமி இப்போது வர்ணம் பாடுகிறார். பலகை கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. 3018-ஐ மைத்துனன் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.