தூங்காத டிரைவருக்குத் தூக்க அலாரம்

அரசு மானியத்தில் எங்கள் லாரிக்குத் தூக்க அலாரம் மாட்டினோம். டிரைவர் கண் அசந்தால் கேமரா பார்த்துக் கத்தும். மானியம் கொடுத்த அரசு ஆபீசுக்கும் தகவல் போய்விடும்.

இன்று காலை அங்கிருந்து ஓர் அதிகாரி போன் செய்தார்.

"மேடம், உங்க டிரைவர் கம்பம் மெட்டு மலைப்பாதையில ஏறுறப்ப வளைவுக்கு வளைவு தூங்குறாரு."

பதறிப்போய் எங்கள் டிரைவர் முருகேசண்ணனைக் கூப்பிட்டேன்.

"நான் எங்கன தூங்குனேன் தாயி? வளைவுல சைடு கண்ணாடியப் பாக்கணும்ல? மூஞ்சியத் திருப்புனாலே கத்துது. அந்தச் சத்தத்துல நேத்து எதுக்க வந்த பஸ்ஸோட ஹாரனே கேக்கல. மயிரிழையில தப்பிச்சேன்."

ஆபீசுக்குப் போன் போட்டு அப்படியே சொன்னேன்.

"அப்ப கண்ணாடியப் பாக்காம ஓட்டச் சொல்லுங்க மேடம்."

அப்படி மலையேறத் தெரிந்த டிரைவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அந்த அதிகாரியின் ஜீப்புக்கு அனுப்பி வைக்கிறேன்.