கெல்தோராவின் தெற்கிலிருந்து நடுப்பாலம் வரை

முதலில் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், இதை எவருக்கும் காட்டாதீர்கள். கெல்தோரா விளையாடுபவர் என்றால் படியுங்கள், வழியைக் குறித்துக்கொள்ளுங்கள், போய் வாருங்கள். ஆனால் மாத்தளையில் உங்களுக்குத் தெரிந்த எவருக்கும், அதிலும் டவுனில் கடை வைத்திருக்கும் எவருக்கும், இதை அனுப்பிவிட வேண்டாம். எங்கள் வாப்பாவின் காதுக்குப் போனால் நான் என்ன ஆவேன் என்று எனக்கே தெரியாது. வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு, திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கெல்தோரா தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. வாளும் மந்திரமும் பூதங்களும் உள்ள ஒரு கணினி விளையாட்டு அது. இணையத்தோடு சேர்ந்தே ஓடுவதால் இடையில் நிறுத்தி வைக்க முடியாது. தண்ணீர் குடிக்க எழுந்து போனால் திரும்பி வருவதற்குள் ஓநாய் கடித்திருக்கும். மூச்சு விட வேண்டுமென்றால் வழியில் எரியும் தீ மூட்டங்களில் ஒன்றின் அருகே உட்கார வேண்டும். உட்கார்ந்தால் எதுவும் உங்களைத் தொடாது, காயமும் ஆறிவிடும். ஆனால் நீங்கள் எழும்போது, அதுவரை கொன்றவை எல்லாம் மறுபடி உயிரோடு எழுந்து நிற்கும். இடங்களின் பெயர்களை நான் தமிழில் எழுதுகிறேன். விளையாட்டில் ஆங்கிலத்தில் இருக்கும், வரைபடத்தைப் பார்த்தால் விளங்கும்.

இந்தப் பயணம் ஏன் என்று சொல்ல வேண்டும். எனக்கு ஒரு தோழி. ஹஸ்னா என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் வேறு. அவளுடைய வாப்பாவும் என்னுடைய வாப்பாவும் டவுனில் ஒரே கடையில் மிளகும் கிராம்பும் வாங்கி விற்றார்கள். போன வருடம் இருவரும் பிரிந்தார்கள். காரணத்தை எங்களுக்குச் சொல்லவில்லை. ஹஸ்னாவின் குடும்பம் அவளுடைய உம்மாவின் ஊரான பல்லேகமவுக்குப் போய்விட்டது. அன்றைக்கு வாப்பா சாப்பாட்டு மேசையில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அந்த வூட்டு ஆக்களோட கதச்சது தெரிய வந்தா, எனக்கி மகள் இல்லண்டு நெனச்சிக்கிறேன்." அவர் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது. மீன் முள்ளை எடுத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

பல்லேகம எங்கள் மாவட்டம்தான். மலையைச் சுற்றி பஸ் போகிறது. ஆனால் எனக்கு அது கெல்தோராவின் வட முனையைவிடத் தூரம்.

அதற்கு முன்பெல்லாம் சனிக்கிழமை வகுப்பு முடிந்து வந்து, நாங்கள் இரண்டு பேரும் என் அண்ணன், நானாவின் கணினியில் கெல்தோரா விளையாடுவோம். ஒரு நாற்காலி, ஒரே வீராங்கனை, மாறி மாறி. அவள் போன பிறகு நான் தனியாக விளையாடினேன். மூன்று மாதத்துக்கு முன்பு, இறந்தவர்கள் போய்ச் சேரும் விளக்கு மண்டபத்தில் தரையில் ஒரு செய்தியைப் பார்த்தேன். அங்கே நாம் தனியாகத்தான் இருப்போம், மற்றவர்கள் விட்டுப்போன செய்திகள் மட்டும் தெரியும். அவற்றையும் நம் இஷ்டத்துக்கு எழுத முடியாது, விளையாட்டு தரும் சொற்களிலிருந்து பொறுக்கிக் கோர்க்க வேண்டும். அந்தச் செய்தி இது: "முன்னால் ஆடு. எனவே, ஓடு."

ஹஸ்னா ஒரு முறை முழுக் கவசத்தோடு நின்றபோது ஆடு ஒன்று முட்டி மலையிலிருந்து விழுந்து செத்தாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் ஆடு முட்டிச் செத்தவர்கள் உலகத்தில் எத்தனை பேரோ. நான் அதன் கீழே "ஆடு இல்லை. தோழி?" என்று வைத்தேன். அடுத்த சனிக்கிழமை பதில் இருந்தது: "தோழி. வடக்கு. பாலம்."

அவளாக இருக்கலாம் என்று நினைக்க ஒரு காரணம் இருந்தது. சனிக்கிழமை பின்னேரங்களில் ஹஸ்னா போன் பேசவும் பிரதி எடுக்கவும் ஆட்கள் வரும் தன் மாமாவின் கொமியூனிகேஷன் கடையைப் பார்த்துக்கொள்கிறாள் என்று வகுப்பில் ஒருத்தி சொன்னாள். அங்கே கணினி இருக்கும். அந்த வகுப்புத் தோழியிடமே தகவல் கொடுத்து அனுப்பலாமே என்று கேட்பீர்கள். அவளிடம் சொல்வதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்றுதான்.

நடுப்பாலத்தைப் பற்றிச் சொல்கிறேன். கெல்தோராவில் புது ஆட்கள் தெற்கு மலையிலோ வடக்குத் துறைமுகத்திலோ தொடங்குவார்கள். இரண்டுக்கும் நடுவில் இந்தப் பாலம். இங்கே மட்டும்தான் எதிர்ப்பக்கத்திலிருந்து வருபவரை உருவமாகப் பார்க்கலாம். பாலத்தின் நடுவில் ஒரு கல் பீடம் இருக்கிறது. இரண்டு பேர் தாங்கள் ஏந்திவரும் விளக்குகளை அதில் ஒன்றாக வைத்தால் துணை ஆகிவிடுவார்கள். அதன் பிறகு ஒருவருக்கு ஒருவர் சொந்தச் சொற்களில், எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். எங்கிருந்து உள்ளே வந்தாலும் அந்தக் கடிதங்கள் இருக்கும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மூன்று மாதமாக அவசரப்படாமல் வழியைப் பழகினேன். வியாழக்கிழமை நானா போனில் கூப்பிட்டார். அவர் சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறார்.

"ஞாயித்துக்கெழம காலையில வாறேன். கம்பியூட்டர தொடச்சி வை, ரூமுக்கு எடுத்துட்டுப் போகப் போறேன்."

"நானா, அடுத்த மாசம் எடுத்துட்டுப் போங்களேன்."

"ஏன் புள்ள, ஒனக்கு பரீட்ச வருதில்ல? வாப்பாதான் எடுத்துட்டுப் போகச் சென்னாரு. அதுல அப்பிடி என்ன வேல ஒனக்கி?"

"ஒண்ணுமில்ல. பாட வீடியோ பாக்கத்தான்."

"நீ பாட வீடியோ பாத்தா சீகிரியா கல்லு தானா எறங்கி வந்து பஸ்ஸுல ஏறும்."

நானாவிடம் உண்மையைச் சொல்லலாமா என்று யோசித்தேன். நல்லவர்தான். ஆனால் வாப்பா முகத்தைப் பார்த்துக் கேட்டால் பொய் சொல்லத் தெரியாதவர்.

ஆகவே இன்று, சனிக்கிழமை, பின்னேரம் இரண்டரைக்குக் கிளம்பினேன். விஞ்ஞான வகுப்பு இல்லை என்று உம்மாவிடம் பொய் சொன்னேன்.

தெற்கு மலையிலிருந்து சதுப்பு நிலம் வரை நடக்காதீர்கள். வீண். ஆலைக்குப் பக்கத்தில் மாட்டு வண்டிக்காரன் நிற்பான். மூன்று வெள்ளிக் காசு கேட்பான். மழை பெய்தால் நான்கு. "ஏன் நான்கு?" என்பதைத் தேர்ந்தெடுத்தால், "மழை என் மாட்டின் மேலும்தான் பெய்கிறது" என்று பதில் சொல்வான். மாத்தளை பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ஆட்டோக்காரர்கள் எவ்வளவோ பரவாயில்லை. காசைக் கொடுத்துவிடுங்கள். இருபது நிமிடத்தில் கொண்டுபோய் விடுவான்.

சதுப்பில் ஓடக்கூடாது. ஓடினால் நீருக்கடியில் இருப்பவை எழும். நாணலின் ஓரமாக, விளக்கை மூடிக்கொண்டு நடந்தால் ஒன்றுமே வராது. சுமார் நாற்பது நிமிடம். சதுப்பு முடிந்து பனி தொடங்கும் இடத்தில்தான் உம்மா தேத்தண்ணியோடு அறைக்குள் வந்தா. திரையில் பனி மூடிய ஒரு பாழடைந்த கோட்டை, வாசலில் வாளோடு இரண்டு சிலைகள்.

"இது விஞ்ஞானமா?"

"வரலாறு உம்மா. கண்டி ராச்சியம்."

உம்மா கிட்ட வந்து குனிந்து பார்த்தா. "கண்டியில எங்க இவ்வளவு பனி?"

"நுவரெலியா பக்கம்."

"அப்ப அந்தப் புள்ளக்கி ஒரு சுவெட்டரப் போட்டு உடச் செல்லு, வெறைக்கிது பாவம்," என்று சொல்லிவிட்டு உம்மா போனா. நான் தேத்தண்ணியைக் குடிக்க மறந்துவிட்டேன்.

உம்மா சொன்னது சரிதான். அடுத்தது பனிக் கணவாய். கம்பளிப் போர்வை இல்லாமல் ஏறினால் பாதி வழியில் உயிர் போய்விடும். தெற்குச் சந்தையில் பன்னிரண்டு வெள்ளிக்கு விற்கும். அதை விற்று வாள் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் எல்லோரையும் பிறகு மண்டபத்தில்தான் காணலாம். கணவாயின் உச்சியில் ஓர் அரக்கன் தூங்குவான். அவன் மூச்சை உள்ளே இழுக்கும்போது நில்லுங்கள், வெளியே விடும்போது நடங்கள். அங்கிருந்து பார்த்தால் வடக்குக் கடல் முதல் முறையாகத் தெரியும். சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. எனக்கு அவசரம் இருந்தும் கொஞ்ச நேரம் நின்றேன். நாங்கள் இருவரும் சேர்ந்து விளையாடியபோது இவ்வளவு தூரம் வந்ததே இல்லை. "அந்தக் கடல ஒரு நாளைக்கி பாக்கணும்டி" என்று ஹஸ்னா சொல்லிக்கொண்டே இருப்பாள். இப்போது அவள் அந்தக் கடலின் பக்கம் இருக்கிறாள், நான் மலையின் பக்கம்.

பாலத்துக்கு வந்தபோது ஐந்தரை. வடக்கு முனையில் ஓர் ஆள் நின்றது. பச்சைப் போர்வை, முகத்தை மூடிய தலைக்கவசம். பெயர் வெறும் எழுத்துகளும் எண்களும். அவள்தானா? எனக்கு விளங்கவில்லை. நான் கையசைத்தேன். அதுவும் கையசைத்தது. எல்லோரும்தான் கையசைப்பார்கள்.

பாலம் முழுக்க எலும்புக் காவலர்கள். ஒரு குறிப்பு: நடுவில் நடந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் வருவார்கள், கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போனால் ஒவ்வொருவராக வருவார்கள். நான் தெற்கிலிருந்தும் அது வடக்கிலிருந்தும் வெட்டிக்கொண்டே வந்தோம். கடைசிக் காவலன் விழுந்தபோது எங்களுக்கு இடையில் பீடம் மட்டும்தான் இருந்தது. நாலைந்து அடி எடுத்து வைத்து விளக்கை இறக்கினால் போதும்.

அந்த நேரம் பள்ளிவாசலில் மஃரிப் என்னும் அந்தித் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

இதை நீங்கள் எப்படி நம்புவீர்களோ தெரியாது. நான் திரும்பி ஓடினேன். பாலத்தின் முனையிலிருந்த தீயருகே போய் உட்கார்ந்தேன். யோசித்துச் செய்யவில்லை. இந்த அறையில் நாங்கள் விளையாடிய காலமெல்லாம், பாங்கு கேட்டவுடன் யார் கையில் விளையாட்டு இருக்கிறதோ அவர் ஓடிப்போய்த் தீயருகே உட்கார வேண்டும், பிறகு இருவரும் தொழப் போவோம். கை அதைத் தானாகவே செய்துவிட்டது. உட்கார்ந்த பிறகுதான் நினைவு வந்தது. அத்தனை காவலர்களும் மறுபடி எழப் போகிறார்கள்.

தலையை நிமிர்த்திப் பார்த்தேன். எதிர்ப்பக்கத்தில் பச்சைப் போர்வையும் திரும்பி ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் வடக்குத் தீயருகே போய் உட்கார்ந்தது.

உலகத்தில் வேறு யார் அப்படிச் செய்வார்கள்? பாலம் திறந்து கிடக்க, விளக்கு கையில் இருக்க, மஃரிபுக்கு எழுந்து போகிறவள் அவள் ஒருத்திதான்.

"புள்ள, பாங்கு சென்னது கேக்கல்லயா? எழும்பு, ஒளு எடு," என்று உம்மா கூப்பிட்டா. நான் போய் முகம் கை கால் கழுவித் தொழுதேன். சுஜூதில் நெற்றியை வைத்தபோது, பல்லேகமவில் ஒரு கடையின் பின்பக்கத்தில் அவளும் இப்போது இப்படித்தான் இருப்பாள் என்று நினைத்தேன். எட்டு மாதத்தில் அவளுக்கு மிகப் பக்கத்தில் நான் இருந்தது அந்த நேரம்தான்.

திரும்பி வந்தபோது அவள் இன்னும் தீயருகே இருந்தாள். நான் எழுந்ததும் பாலம் நிறையக் காவலர்கள். நான் தலையில் அடித்துக்கொள்ளும் சைகையைச் செய்தேன். அவள் வயிற்றைப் பிடித்துச் சிரிக்கும் சைகையைச் செய்தாள். மறுபடி தொடங்கினோம். இந்த முறை வேகமாக, அடியும் பட்டுக்கொண்டு. பாதிக்கு மேல் வந்துவிட்டோம். அப்போது பச்சைப் போர்வை வாளை ஓங்கியபடியே மங்கி, மறைந்துபோனது. அவளுடைய மாமா வந்து கடையை மூடியிருப்பார். நான் நன்றாக இருட்டும் வரை காத்திருந்தேன்.

"வாப்பா வார நேரம். அத அணச்சிட்டு வா," என்று உம்மா சொன்னா.

இனி இந்தப் பயணம் போக நினைப்பவர்களுக்கு. தெற்கிலிருந்து வெயில் நேரத்தில் கிளம்புங்கள், மூன்று மணி நேரம் போதும். செலவு போர்வையோடு பதினைந்து வெள்ளி. மருந்துச் சீசா ஐந்தாவது வேண்டும். பாலத்தில் ஒரு பக்கம் வெட்டி முடித்தால், என்ன சத்தம் கேட்டாலும் தீயருகே உட்காராதீர்கள். முதலில் விளக்கை வையுங்கள்.

நான் இதை எழுதியதற்கு வேறு காரணமும் உண்டு. நாளைக் காலையில் கணினி போய்விடும். அடுத்த சனிக்கிழமை ஹஸ்னா பாலத்துக்கு வருவாள், நான் இருக்கமாட்டேன். அதற்கடுத்த சனிக்கிழமையும். என் வாப்பாவைப் போல நானும் அவளை வெட்டிவிட்டேன் என்று நினைத்துவிடுவாள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

மண்டபத்தில், வாசலுக்கு இடப்பக்கம் உடைந்த தூணின் அடியில் ஒரு செய்தி வைத்திருக்கிறேன். 'காத்திரு' என்ற சொல்லை விளையாட்டு தருவதில்லை. கிடைத்தவற்றை வைத்துக் கோர்த்தேன்: "விளக்கு இன்னும். தோழி இன்னும். பொறுமை." எவரும் வணங்காத செய்தி பத்து நாளில் அழிந்துவிடும். வணங்கினால் இன்னும் பத்து நாள் இருக்கும். அந்த வழியாகப் போகும்போது தயவுசெய்து குனிந்து ஒரு முறை வணங்கிவிட்டுப் போங்கள். என் பரீட்சை முடிய ஐந்து மாதம் இருக்கிறது.

சனிக்கிழமை பின்னேரம் பாலத்துக்கே போகிறவர்கள் இருந்தால், வடக்குத் தீயருகே பச்சைப் போர்வையோடு ஒருத்தி இருப்பாள். அவளோடு விளக்கைச் சேர்த்துத் துணை ஆகுங்கள். உங்களால் சொந்தச் சொற்களில் எழுத முடியும். கணினியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று எழுதுங்கள். கோபம் இல்லை என்று எழுதுங்கள். பாங்கு சொன்னபோது அவள் திரும்பி ஓடியதை நான் பார்த்தேன் என்றும், அதைப் பார்த்து நான்

கதவைத் தட்டுகிறார்கள். உம்மா தட்டமாட்டா, நேரே உள்ளே வருவா. மறுபடியும் தட்டு. வாப்பாதான். படித்துப் பார்க்க நேரமில்லை, இப்படியே பதிவேற்றுகிறேன், அவளுக்கு