ஹவில்தாரின் பெட்டி வந்த வழி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் கல்வராயன் மலைப் புளியும் கடுக்காயும் கள்ளக்குறிச்சிக்கு என் லாரியில்தான் இறங்கின. என் வண்டி போகாத பாதை அந்தப் பக்கத்தில் கிடையாது. பெருமைக்குச் சொல்வதாக நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா புருஷன் ராணுவத்தில் ஹவில்தார். லீவில் வந்தால் தெருப் பையன்களையும் காலனிப் பையன்களையும் ஒன்றாக ஏரிக்கரையில் ஓடவிடுவார். பெரியவர்கள் முறைப்பார்கள், அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். அந்த ஓட்டத்தில் தேறிப் பட்டாளத்துக்குப் போனவர்கள் இரண்டு பக்கமும் உண்டு.

இலங்கைக்கு அமைதிப்படையோடு போன இடத்தில் அவர் செத்துப்போனார். அங்கேயே எரித்து, சாம்பலை அவருடைய இரும்புப் பெட்டிக்குள் வைத்து, ஒரு சிப்பாயிடம் கொடுத்து அனுப்பினார்கள். இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த நேரம் அது. உளுந்தூர்பேட்டைக்கு இப்பால் ராணுவ வண்டி வர முடியவில்லை. நான் கிளம்பினேன்.

வெளியில் செத்தவரை வாசலோடு நிறுத்துவது எங்கள் ஊர் வழக்கம். அக்காவுக்கு அதுதான் பயம்.

"அவரு மூஞ்சியத்தான் பாக்கல. வூட்டுக்குள்ளயாவது வரட்டும்டா" என்றாள்.

பெட்டிதானே, பெட்டியை எவன் தடுப்பான் என்று சொல்லிவிட்டு, ஓடை, வயல்வரப்பு என்று பார்க்காமல் லாரியை ஓட்டிப் போய்ச் சேர்ந்தேன். பெட்டியையும் சிப்பாயையும் ஏற்றிக்கொண்டு திரும்புகையில் எலவனாசூர்கோட்டை அருகே அந்த வழிகளையும் அடைத்துவிட்டார்கள். சாலை முழுக்க வெட்டிச் சாய்த்த புளியமரம். விஷயத்தைச் சொன்னேன். மறியல்காரர்களில் ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"லாரி போவாதுங்க. அவரு போவட்டும். எங்க தோள் மேல வரட்டும்."

ஒவ்வொரு மரத்தருகிலும் புது ஆட்கள் தோள் மாற்றினார்கள். பிணத்தை இறக்கக் கூடாது என்று, வழி நெடுக அந்தப் பெட்டியைத் தரையில் வைக்கவே இல்லை. எந்த மந்திரிக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்கிறது?

அந்த மரியாதையே வினையானது. அக்கா வீட்டு வாசலில் அவள் புருஷனின் பங்காளிப் பெரியவர் குறுக்கே நின்றார்.

"பொட்டின்னா பொட்டி மாதிரி தூக்கினு வந்திருக்கணும். பொணமாட்டம் தோள்ல தூக்கினு வந்துட்டு உள்ள வுடச் சொன்னா இன்னா நாயம்?"

எனக்கு வாய் எப்போதும் பெரிசு. மறியலால்தான் தோளில் வந்தது, இது வெறும் பெட்டிதான் என்று கத்தியும் அவர் அசையவில்லை.

அக்காதான் சொம்பில் தண்ணீரோடு வந்தாள். அவர் லீவில் வரும்போதெல்லாம் கால் கழுவக் கொடுக்கும் சொம்பு. பெட்டியின் அடியில் தண்ணீரை ஊற்றினாள்.

"இந்தப் பொட்டியத் தூக்கினுதான் அவரு ஒவ்வொரு லீவுக்கும் வந்தாரு. அப்ப உள்ள வந்துது, இப்பவும் வரும். தள்ளிக்கங்க மாமா."

பெரியவர் விலகினார். நான் ஒருவனாகவே பெட்டியை வாங்கி உள்ளே கொண்டுபோய், கட்டிலுக்குக் கீழே அவர் வைக்கிற இடத்தில் வைத்தேன். சிப்பாய் சாவியை நீட்டினார். அக்கா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"வந்ததும் வராததுமா பொட்டியத் தொறந்தா அவருக்குப் புடிக்காது. சித்த நேரம் இருங்க."

அதற்கப்புறம் எங்கள் ஊரில் வெளியில் செத்த யாரையும் வாசலோடு நிறுத்தவில்லை. தெருவிலும் சரி, காலனியிலும் சரி. அதில் எனக்குப் பாதிப் பங்கு உண்டு என்பேன். அக்கா ஒத்துக்கொள்ள மாட்டாள், எல்லாம் அவர் செய்தது என்பாள்.